கதிரை வாடகைத் துண்டு

சுவிசில இருந்து வந்தவர் விசுவமடுச் சந்தியில
ஓட்டோவை நிப்பாட்டி என்ர பேரைக் கேட்டிருக்கிறார்.
பழைய பேரை.
கடைக்காரன் தெரியாதெண்டு சொல்லிப்போட்டு
புதுப் பேருக்குப் போன் எடுத்தான்.

வந்து இருந்தார். கோப்பி குடிச்சார்.
தன்ர வீட்டில கண்ணாடி அலுமாரி ஒண்டு இருக்காம்,
உள்ளுக்கு லைற் போட்டது.
"உங்கட அணியின்ர சாமான் ஏதும்?
தகடு, இடுப்புப்பட்டி, ஒரு பொத்தான் எண்டாலும்.
காசு பிரச்சினையில்லை."

அதெல்லாம் கடலேரிக்குத்தான் தெரியும்.
முழங்கால் தண்ணியில நிண்டு
ஒவ்வொண்டாக் கழட்டினது.
அண்டு காலமை எனக்கு முழங்கால் இரண்டு.

நான் சேர்க்கிறது வேற, எண்டு
பிஸ்கற் ரின்னைத் திறந்தன்.

முதல் துண்டு: கதிரை வாடகை, இருபத்தொண்டு.
வந்தது இருபத்துமூண்டு பேர்.
இன்பராணியும் யசோதினியும்
தங்கட கதிரையோடயே வந்தவை.

கூடுறதெண்டால் காரணம் வேணும்.
குமுதாவின்ர மகள் ஐப்பசியில பிறந்தவள்;
நாங்கள் கார்ட் அடிச்சது மாசிக்கு.
அஞ்சாம் பிறந்தநாள்.
அடுத்த மாசியும் அஞ்சாம் பிறந்தநாள்,
பனர் கிழியேல்ல.
அதுக்கடுத்த மாசியும்.
இந்தா, அந்த அஞ்சு வடிவ மெழுகுதிரி:
மூண்டு தரம் எரிஞ்சு வயிறு மட்டும் மிச்சம்.

மூண்டாம் முறை படலையடியில
சிவில் உடுப்பில ஒருத்தர் நிண்டார்.
கேக் குடுத்தம். நல்லாச் சாப்பிட்டார்.
பிள்ளைக்கு எத்தினை வயசெண்டு கேட்டார்.
எட்டு வயசுக்காரி
ஒரு கை விரலை விரிச்சுக் காட்டினாள்.
ஒருத்தரும் பழக்கேல்ல.
அந்தக் கேக் பெட்டியின்ர ரிபன் இதுக்குள்ள கிடக்கு.

படம் ஒண்டே ஒண்டு.
முகம் வரக்கூடாதெண்டு
வாசலில கழட்டின செருப்பை எடுத்தம்.
முப்பத்தொன்பது.
அவர் குனிஞ்சு எண்ணினார்,
பிழைச்சுப்போச்செண்டு திரும்ப எண்ணினார்,
பேந்து படத்தைக் குப்புற வைச்சார்.

பஸ் ரிக்கற்: மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி.
தவமலர் வரேலாமப் போன வருசம்
கருவாடு சுத்தி அனுப்பின பேப்பர்.
கருவாட்டைத் திண்டிட்டம்,
பேப்பரில மணம் போகேல்ல.
அதுக்குப் பிறகு அவளுக்குக் கதிரை சொல்லத் தேவை வரேல்ல.

பத்தொன்பது. பதினெட்டு. பதினாறு.
துண்டில ஆக்களின்ர பேர் இராது,
எண்ணிக்கை மட்டும்தான்.
அது எங்களுக்குப் பழக்கம்.

அவர் மெழுகுதிரியை உள்ளங்கையில வைச்சு
நிறை பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.
"இதை ஆர் வாங்குவினம், அக்கா?"
விக்கிறதுக்கில்லை எண்டு நான் சொல்லேல்ல.
தண்ணி கேட்டார். குடுத்தன்.
போகேக்கை, பொத்தான் ஒண்டாவது, எண்டு
திரும்பவும் கேட்டார். பாவமாக் கிடந்தது.
என்ர சட்டையில நாலு கிடக்கு, எண்டன்.
அவர் சிரிக்கேல்ல.
ஓட்டோ திரும்ப இடமில்லாமல்
பூசணிக்கொடிக்கு மேலால ஏறிப் போச்சு.

போன கிழமை குமுதா போன் எடுத்தாள்.
பெட்டை பெரிசாகீட்டாள்.
மாசியில தண்ணி வார்ப்பு.
முதல் தரம் கார்ட்டில உண்மை அடிக்கப்போறம்;
சரியான திகதியைப் பார்க்க
ஏதோ களவெடுக்கிற மாதிரிக் கிடக்கு.

எங்கட வரிசைக்குக் கதிரை பதினாறு எண்டு சொல்லியிருந்தன்.
"பதினேழாச் சொல்லடி" எண்டாள்.
ஆருக்கெண்டு அவள் சொல்லேல்ல, நான் கேட்கேல்ல.
வாடகைக் கடைப் பெடியன்
பதினாறை வெட்டிப்போட்டு மேல பதினேழு எழுதினான்.
வேற துண்டு எழுதித் தரட்டோ எண்டான்.
வேண்டாம், எண்டு
வெட்டினதையே வாங்கிக்கொண்டு வந்தன்.